ரோலர் போட்டால் முடி கெடுமா?

(மகளிர் சந்திப்பில் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூக்கத்தை விட்டுவிட்டு ஹாலுக்கு வந்திருக்கிறீர்கள், நன்றி. பின்வரிசையில் மூன்று நான்கு ஆண்களும் தெரிகிறார்கள். சமோசாதான் காரணம் என்றாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டு வையுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பியூட்டி பார்லர் நடத்துபவளும் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் நம் வாட்ஸ்ஆப் குழுவில் இந்த ரோலர் விஷயம் இரண்டு நாள் ஓடியதைப் பார்த்தீர்கள். ஒருவர் 'எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள்' என்றார், இன்னொருவர் 'பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்றார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். எந்த ரோலர், யார் தலையில், எப்படிக் கழற்றினார்கள் என்று கேட்காமல் தீர்ப்பு எழுத முடியாது. அதற்காகத்தான் கொஞ்சம் படித்தேன், எனக்குத் தெரிந்த ஒரு தோல் மருத்துவரிடமும் கேட்டேன்.

எங்கள் காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து மெஷின் தேய்ந்துகொண்டே வரும், வருடா வருடம் அதைக் கணக்கில் எழுத வேண்டும். முடியும் அப்படித்தான். தலைத்தோலுக்குக் கீழே இருக்கும் வேர்தான் உயிருள்ளது. வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது, அதனால் அடிபட்டால் தானாக ஆறவும் ஆறாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டி மீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. நீள முடி இருக்கும் பெண்ணுக்கு, நுனியில் இருப்பது 48 மாதத்துக்கு முன்னால் முளைத்தது. வாரத்துக்கு இரண்டு தடவை தலைக்குக் குளித்தால், அந்த நுனி 400 தடவைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கிறது. சீப்பு, ரப்பர் பேண்ட், வெயில், தலையணை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. நீள முடிக்கு ரோலர் ஆபத்து என்று சொல்வதன் முதல் காரணம் இதுதான். ரோலரில் முதலில் சுற்றப்படுவது அந்த வயதான நுனி.

முடியின் மேல்பாகத்தில் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி செதில் செதிலாக ஒரு உறை இருக்கிறது. ஓட்டின் விளிம்பு நுனியைப் பார்த்து இருக்கும். மேலிருந்து கீழே நீவினால் வழுக்கும், கீழிருந்து மேலே நீவினால் சொரசொரக்கும். இப்போதே ஒரு இழையைப் பிடித்துப் பாருங்கள். பழைய நுனியில் இந்த ஓடுகள் பல இடத்தில் பெயர்ந்துபோய் இருக்கும், நுனி வெடிப்பு அங்கேதான் வருகிறது.

அடுத்தது, மெல்லிய முடி. 'எனக்கு முடி மெலிசு' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் 'முடி கம்மி' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒரு இழையின் கனம் ஒன்று, தலையில் எத்தனை இழை என்பது இன்னொன்று. நாம் எழுதும் வெள்ளைத்தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லி மீட்டர். நல்ல தடித்த முடி அந்தக் கனம் இருக்கும், மெல்லிய முடி அதில் பாதி. பாதிக் கனம் என்றால் பாதி பலம் என்று நினைக்காதீர்கள். வட்டத்தின் பரப்பு கணக்குப்படி விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்கு. இழுத்தால் தாங்குவதும் ஏறக்குறைய கால் பங்குதான். எதிர் வீட்டுக்காரருக்கு ஒன்றும் செய்யாத ரோலர் உங்களுக்கு அறுப்பதன் ரகசியம் இதில் இருக்கிறது.

இனி ரோலருக்கு வருவோம். மேசையில் மூன்று வகை வைத்திருக்கிறேன்.

பச்சை, பிங்க் கலரில் முள் முள்ளாக இருப்பது வெல்க்ரோ ரோலர். கிளிப் வேண்டாம், தானே முடியைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளின் ஷூ, வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவியின் கைப்பட்டை, இவற்றில் சொரசொரப்பாக இருக்கும் பக்கம் எதுவோ அதே சங்கதி. இதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். 1941இல் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வந்தவர், அதன் முடியில் ஒட்டியிருந்த விதைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒவ்வொரு விதையிலும் குட்டிக் குட்டிக் கொக்கிகள். நம் ஊர் நாயுருவி சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த வித்தை. ஆக, முடியில் சிக்கிக்கொள்ளும் ஒன்றைப் பார்த்துச் செய்த பொருளை நாம் முடியிலேயே சுற்றுகிறோம். அப்புறம் சிக்கிக்கொண்டது என்று அழுகிறோம்.

தோள் வரைக்கும் இருக்கிற முடிக்கு இது நல்ல பொருள்தான். மெல்லிய முடி தட்டையாகத் தலையோடு ஒட்டிக் கிடக்கும், அதை எடுத்து நிறுத்திக் காட்டும். சிக்கல் நீளத்தில். நாலு செ.மீ. விட்டமுள்ள ரோலரின் சுற்றளவு பன்னிரண்டரை செ.மீ. 60 செ.மீ. முடி அதில் கிட்டத்தட்ட ஐந்து சுற்று சுற்றும். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று, பக்கவாட்டில் விலகிய இழைகள் வேறு. எல்லாச் சுற்றின் ஊடேயும் கொக்கி நுழைகிறது. கழற்றும்போது ஒரு சுற்று விடுபட்டு இன்னொரு சுற்று பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் ரோலரை அப்படியே உருவினால் ஓடுகளுக்கு எதிர்த்திசையில் கொக்கி கிழித்துக்கொண்டு போகும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு ரிசப்ஷனுக்கு முந்தின நாள் இப்படி ஆனது. இடுப்பு வரைக்கும் மெல்லிசு முடி. ஒத்திகை பார்க்க வந்த அலங்காரப் பெண் சின்ன வெல்க்ரோ ரோலரை உச்சி வரைக்கும் சுற்றிவிட்டாள். எடுக்க வரவில்லை. மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் வலது காதோரம் ஒரு கொத்தை வெட்டி எடுத்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த அழுகை, சண்டை எல்லாம் எனக்குத்தான் தெரியும். நீளமாக வளர்த்த முடியில் ஒரு கொத்து போனால் அது நாலு வருடச் சேமிப்பு. டெபாசிட் மாதிரி மறுநாளே புதுப்பிக்க முடியாது.

அதனால் என் கணக்கில், முடி தோளைத் தாண்டினால் வெல்க்ரோ வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் பெரிய ரோலர், முன்பக்கமும் உச்சியும் மட்டும், முழுக்க உலர்ந்த முடியில், சிடுக்கு எடுத்த பிறகு. கழற்றும்போது இழுக்காமல், சுற்றிய வழியிலேயே திருப்பிப் பிரிக்க வேண்டும். சிக்கிவிட்டதா? கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, சில இழைகளாகப் பிரித்து எடுங்கள். ரோலரைத்தான் வெட்ட வேண்டுமென்றால் ரோலரை வெட்டுங்கள். இருநூறு ரூபாய் பொருள் அது.

இரண்டாவது, சூடு ரோலர். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதில் ஜாக்கிரதை என்பது தானே புரியும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் விட்டுவிடும். காய்ந்து ஆறும்போது இருக்கிற வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். சுருள் நிற்பது அதனால்தான். காற்றில் ஈரம் ஏறினால் அதே பிணைப்பு தளர்ந்து சுருள் போய்விடும், கடற்கரைப் பக்கம் கல்யாணம் என்றால் மண்டபம் போவதற்குள் பாதி அவிழ்ந்திருக்கும். பார்லரில் மருந்து போட்டுச் செய்யும் பெர்மிங் வேறு. அது கந்தகப் பிணைப்பையே உடைத்து மாற்றிக் கட்டுவது. ரோலர் அதைத் தொடாது.

இந்த ரோலரை ஈரத்தலையில் போடவே கூடாது. ஈர முடி அதிகமாக நீளும், சீக்கிரம் அறும். நல்ல சூடு பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள் குமிழி விட்டுவிடும். அந்த இடத்தில் பிறகு ஒடியும். மற்றபடி, 180, 200 டிகிரி என்று வைத்து இழுக்கும் ஸ்ட்ரெய்ட்னரோடு ஒப்பிட்டால் சூடு ரோலர் சாது. எடுத்த நேரத்திலிருந்து தானாகவே ஆறிக்கொண்டு வரும். விசேஷத்துக்கு ஒரு நாள் போட்டால் பயமில்லை. தினமும் ஆபீஸுக்கு என்றால் நுனி தாங்காது.

மூன்றாவது, ஸ்பாஞ்ச் ரோலர். கொக்கியும் இல்லை, சூடும் இல்லை. நீள முடிக்கும் மெல்லிய முடிக்கும் இதுதான் என் ஓட்டு, மேலே சாட்டின் துணி போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்குவதால் ஆபத்து வேறு வழியில் வருகிறது. இறுக்கிச் சுற்றினால் வேர் இழுபடும். நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் இருக்கும் முடி முதலில் போகும். இப்படி இழுவையால் முடி போவதை 1907லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ரோலரால் இல்லை, உச்சியில் இறுக்கிக் கட்டும் கொண்டையால். நம் வீட்டிலும் 'பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு' என்று குழந்தையின் கண் இழுபடும் அளவுக்குப் பின்னிவிடுகிறோம், அதுவும் இதே கணக்கில்தான் வரும். போட்டதும் தலை வலித்தாலோ, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தாலோ உடனே தளர்த்துங்கள். ஆரம்பத்தில் நிறுத்தினால் முளைத்துவிடும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகி, பிறகு முளைக்காது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். என் தங்கை மகளுக்குப் பிரசவம் ஆகி மூன்றாவது மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. மாமியார் ரோலர் டப்பாவைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். 'ஸ்டைலு பண்ணிப் பண்ணித் தலையைக் கெடுத்துக்கிட்டா' என்று தினம் பேச்சு. அவள் ரோலரைத் தொட்டே ஏழு மாதம் ஆகியிருந்தது.

கொட்டின முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழு நீளமாக, ஒரு முனையில் வெள்ளையாகக் குண்டூசித் தலை மாதிரி இருந்தால் அது வேரோடு தானாக உதிர்ந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. அந்த வெள்ளை முனை இல்லாமல் துண்டு துண்டாக, சின்னதும் பெரிதுமாக இருந்தால் அது ஒடிந்தது. ரோலர், சீப்பு, சூடு இவற்றின் மேல் வழக்குப் போடலாம். அவள் தலையணையில் இருந்ததெல்லாம் வெள்ளை முனையோடு இருந்தது. பிரசவத்துக்கும் கடுமையான காய்ச்சலுக்கும் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு, பெரும்பாலும் தானாகத் திரும்பும். அவளுக்கு ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் குறைவு என்று வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ரோலரைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பரிசோதனை நடந்திருக்காது. தைராய்டு கோளாறும் இப்படித்தான் முடியில் முகம் காட்டும். வெள்ளை முனையோடு வழக்கத்துக்கு மேல் கொட்டினால் டாக்டரிடம் போங்கள், எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

கீழ் தளத்திலிருந்து ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: அக்கா தங்கை ஒரே ரோலரைப் போடலாமா? வேண்டாம், பேன் வரும். வெல்க்ரோவில் பழைய முடி சிக்கி நிற்கும், சீப்பால் எடுத்துவிட்டு ஷாம்பு தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

மேசையில் ரோலர்களோடு ஒரு பழைய சிஃப்பான் துப்பட்டாத் துண்டும் இருக்கிறது. ஒவ்வொன்றையும் துணிமேல் உருட்டி, மெல்ல எடுத்துப் பாருங்கள். எது நூலை இழுக்கிறதோ அது உங்கள் மெல்லிசு முடியையும் இழுக்கும். சமோசா சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள், துணி ஒன்றுதான் இருக்கிறது.