தோளில் ஒரு டஜன் தேங்காய்

விடிகாலை நான்கு மணி. ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் ஒரு பெரியவர் எழுந்துவிடுவார். தொழுகை முடிந்ததும் நான்கு மைல் தள்ளியிருந்த தம் சின்னத் தென்னந்தோப்புக்கு நடை. திரும்பும்போது தோளில் ஒரு டஜன் தேங்காய், ஒன்றாகக் கட்டித் தொங்கும். அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயது தாண்டியும் இதே வழக்கம். நாமானால் சந்தையில் இரண்டு தேங்காய் வாங்கினாலே ஆட்டோவைத் தேடுகிறோம்!

அவர் பெயர் ஜைனுலாபுதீன். அப்துல் கலாமின் அப்பா. பெரிய படிப்பில்லை, பணமும் அதிகமில்லை. ஆனால் அந்த வீட்டில் குடும்பத்தாரைவிட வெளியாட்கள்தான் அதிகம் சாப்பிட்டார்களாம். பரிமாறியே கலாமின் அம்மா ஆஷியம்மாவின் கை ஓய்ந்திருக்கும்.

கலாமுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா கடற்கரையில் ஒரு படகு கட்டத் தொடங்கினார். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லும் பாய்மரப் படகு. விறகு மூட்டி, அந்தச் சூட்டில் மரத்தைப் பதப்படுத்துவார்கள். பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். தொழில் நன்றாக நடந்தது. ஒருநாள் புயல் வந்து படகையே கொண்டுபோய்விட்டது.

இதையெல்லாம் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்கிறார்.

1976இல் அப்பா காலமானபோது வயது 102. பதினைந்து பேரப்பிள்ளைகள், ஒரு கொள்ளுப்பேரன். படகு கட்டுவதை வேடிக்கை பார்த்த பையன் அப்போது திருவனந்தபுரத்தில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.