மலையேறும் மிதிவண்டிக்கு எத்தனை பல் வேண்டும்?

மலைப்பாதையில் மிதிவண்டி ஏறிச் செல்பவர் எவரும் ஏதாவதொரு திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்று, 'நம் கால் தளர்ந்துவிட்டதே' என்று வருந்துவது உண்டு. பல வேளைகளில் குற்றம் காலினுடையது அன்று, பற்சக்கரத்தினுடையது. இதனை இன்று சிறிது விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தமிழகத்தை விட்டுத் தில்லி, புனே, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியமர்ந்துள்ள நம்மவருள், ஞாயிறு தோறும் விடியற்காலையில் கியர் வைத்த மெல்லிய மிதிவண்டியில் புறப்படுவோர் இன்று பலர். ஒவ்வொரு நகரத்தாருக்கும் ஒரு மலை வாய்த்திருக்கிறது. பெங்களூராருக்கு நந்தி மலை; புனே நகரத்தாருக்குச் சிங்கட் கோட்டை; தில்லிவாசிகளுக்கு, இரவு ரயிலில் டேராடூன் வரை சென்றால், முசூரி. ஆனால் நம்மில் பெரும்பாலோர் மிதிவண்டி பழகியது ஊர்ச் சமவெளியில். அங்கே எதிர்காற்று ஒன்றே ஏற்றம். வண்டிக்குக் கியரும் ஒன்றே. ஆகவே கியரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு நமக்கு வழிவழியாக வந்ததன்று. கடைக்காரர் சொல்வதையும் பந்தய வீரர் படங்களையும் நம்பியே வண்டி வாங்குகிறோம்.

வீரர்களைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு பழங்கதையை நினைவுகூர்வது தகும். பிரான்சு நாட்டில் 'டூர் த பிரான்ஸ்' என்னும் பெரும் பந்தயத்தை 1903-இல் தொடங்கி நடத்திய ஆன்ரி தெகிராஞ்ச் என்பவர், மாற்றக்கூடிய கியர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்ற கருத்துடையவர். இயந்திரத்தின் தந்திரத்தால் அன்றித் தசையின் வலிமையால் வெல்வதே வீரம் என்பது அவர் கொள்கை. அதே காலத்தில் போல் த விவீ என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், பல கியர்கள் உள்ள வண்டியே மனிதனுக்கு ஏற்றதென்று ஓயாமல் எழுதியும் மலையேறிக் காட்டியும் வந்தார். ஆயினும் பந்தயத்தில் தெகிராஞ்சின் சொல்லே நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறத்தில் உள்ள பெரிய பல் சங்கிலியின் பக்கம் வருமாறு திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். சங்கிலியைப் பல்லுக்குப் பல் தாவச் செய்யும் கியர்மாற்றி அப்பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பெற்றது. அவ்வாண்டு வென்றவர் ரொஜே லபேபி. இன்று உலகின் தலைசிறந்த வீரர்களும் செங்குத்தான மலைகளில் சிறிய கியரையே நாடுகின்றனர். ஆனால் தெகிராஞ்சின் மனப்பான்மை மட்டும் இன்னும் மறைந்தபாடில்லை. அது எங்களிடமும் இருந்தது என்பதைப் பின்னர் ஒப்புக்கொள்ளப் போகிறோம்.

முதலில் கியர் என்பது யாது? மிதிகளோடு சேர்ந்து சுழலும் முன்பற்சக்கரம் ஒன்று. பின்சக்கரத்தின் அச்சில் உள்ள பின்பற்சக்கரம் ஒன்று. முன்பல்லின் எண்ணிக்கையைப் பின்பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே கியரின் விகிதம். முன்னே 34 பல், பின்னே 28 பல் எனில், விகிதம் ஏறத்தாழ 1.21. அதாவது மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். இவ்வகை வண்டிகளின் சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆகவே ஒரு மிதிப்புக்கு வண்டி 2.55 மீட்டர் முன்னேறும். முன்னும் பின்னும் 34 பல் என்றால், ஒரு மிதிப்புக்கு 2.1 மீட்டர். பழைய பந்தய வண்டிகளில் வழக்கமாயிருந்த முன் 39, பின் 25 என்றால், 3.28 மீட்டர். நேயர்கள் இம்மூன்று எண்களையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி மலையின் கணக்கு. நூறு மீட்டர் முன்னேறும்போது பத்து மீட்டர் உயர்ந்தால் அது நூற்றுக்குப் பத்துச் சரிவு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், வண்டியும் தண்ணீரும் சேர்ந்து பத்துக் கிலோ சுமையுடன், அச்சரிவில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 160 வாட் ஆற்றல் தேவை. வீரரல்லாத, ஆனால் ஒழுங்காகப் பயின்றுவரும் நடுவயதினர் ஒருவர் நெடுநேரம் தாங்கக்கூடிய உழைப்பு ஏறத்தாழ அவ்வளவே. மணிக்கு 7 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 117 மீட்டர். இதனை முன் சொன்ன எண்களால் வகுத்துப் பாருங்கள். 39-க்கு 25 உள்ள வண்டியில் அவர் நிமிடத்துக்கு 36 முறைதான் மிதிக்க இயலும். 34-க்கு 28 உள்ள வண்டியில் 46 முறை. 34-க்கு 34 உள்ள வண்டியில் 56 முறை. முன்னே 30 பல் இருந்து பின்னே 34 இருந்தால் 63 முறை.

மனிதர் ஒருவரே, மலையும் ஒன்றே, வேகமும் உழைப்பும் ஒன்றே. மாறுவது ஒவ்வொரு மிதிப்பிலும் காலின்மேல் விழும் பாரம். 36 முறை மிதிப்பவர், 56 முறை மிதிப்பவரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான விசையோடு ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். அந்த மிகை விசை நேரே முழங்காலைச் சென்றடைகிறது. பத்து நிமிடம் எனில் உடல் பொறுக்கும். இரண்டு மணி நேரம் எனில் பொறுக்காது. சமவெளியில் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு முறை மிதித்துப் பழகியவர், ஏற்றத்தில் அறுபதுக்குக் கீழே நெடுநேரம் இறங்காதவாறு கியர் அமைத்துக்கொள்வது நலம் என்பதே எமது பரிந்துரை.

இக்கணக்கை நாங்கள் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தில்லியில் வாழும் தமிழர் நால்வர் சில ஆண்டுகளுக்கு முன் முசூரிக்குப் புறப்பட்டோம். எங்களில் மூத்தவரை அண்ணா என்றே அழைப்போம். சர்க்கரை நோய்க்கு உடற்பயிற்சி வேண்டுமென்று மருத்துவர் கூறியதால் ஐம்பதாம் வயதில் மிதிவண்டியை மேற்கொண்டவர். அவருடைய வண்டி யாரோ ஒரு பந்தயக்காரர் விற்றுச் சென்ற பழைய வண்டி. முன்னே 39, பின்னே மிகப் பெரியது 25. பின்னே பெரிய பல் போட்டுக்கொள்ளலாமா என்று அவர் எங்களைக் கேட்டார். 'குழந்தைகள் ஓட்டும் கியர் எதற்கு, அண்ணா? அழுத்தி மிதியுங்கள், கால் தானே வலுப்படும்' என்று நகைத்துக் கூறியவர்கள் நாங்களே.

டேராடூன் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 640 மீட்டர். முசூரி சுமார் 2,000 மீட்டர். இடைவழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். சராசரி பார்த்தால் நூற்றுக்கு நான்குதான். இந்தச் சராசரி என்னும் எண்ணே எங்களை ஏமாற்றியது. நகரத்துக்குள் உள்ள பகுதி மெல்லிய ஏற்றம். ஆகவே மீதிப் பாதை சராசரியைவிடச் செங்குத்தாக இருந்தே தீரும். கொண்டையூசித் திருப்பங்களின் உள்விளிம்போ அதனினும் செங்குத்து. ஆயினும் முசூரி வரை அண்ணா சமாளித்தார். நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் உள்ள ஏற்றத்தில் அவருடைய கியரிலும் நிமிடத்துக்கு அறுபது முறை மிதிக்க இயலும் அன்றோ?

துன்பம் அதற்கு மேல்தான் வந்தது. முசூரிக் கடைத்தெருவிலிருந்து லாண்டூருக்கு ஏறும் சாலை குறுகலானது, தூரம் சொற்பம், சரிவோ மிகக் கடுமை. மூன்று மணி நேரம் ஏறிக் களைத்த கால்களோடு அண்ணா அதில் நுழைந்தார். நாங்கள் பின்னிருந்து ஊக்கக் குரல் கொடுத்தோம். ஒவ்வொரு மிதிப்புக்கும் வண்டி நின்று நின்று நகர்ந்தது. இறங்க அவர் மனம் ஒப்பவில்லை. இறங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. அன்று மாலை அவருடைய வலது முழங்கால் வீங்கிற்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் மாடிப்படி ஏறவும் சிரமப்பட்டார். மிதிவண்டி சுவரில் சாய்ந்தே கிடந்தது. குறைந்திருந்த சர்க்கரை மீண்டும் ஏறியது. எங்கள் வேடிக்கைப் பேச்சின் விலை அதுவாயிற்று.

ஆகவே வண்டி வாங்குமுன், அல்லது உள்ள வண்டியை மலைக்கு ஏற்ப மாற்றுமுன், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் ஏறப்போகும் பாதையில் மிகச் செங்குத்தான பகுதி எவ்வளவு செங்குத்து? அதனை அடையும்போது எத்தனை மணி நேரம் ஏறிக் களைத்திருப்போம்? நம் உடல் எடையும் சுமையும் எவ்வளவு? சராசரிச் சரிவையும், புத்துணர்ச்சியோடு புறப்படும் முதல் மணி நேரத்தையும் கணக்கில் கொள்ளுதல் கூடாது. கடைசி மணி நேரத்துக்கென்றே கியரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

லடாக் செல்வோர் நான்காவதாக ஒன்றையும் எண்ண வேண்டும். லேயிலிருந்து கர்துங் கணவாய்க்குச் செல்லும் சாலை, சுமார் 3,500 மீட்டரில் தொடங்கி, 40 கிலோமீட்டர் தொலைவில் 5,359 மீட்டரை எட்டுகிறது. சரிவு சராசரியாக நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. ஆனால் உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறையக் குறைய, காலின் ஆற்றலும் குறையும். முசூரிக்குப் போதுமான கியர் அங்கே போதாது.

இன்று கடைகளில் கிடைக்கும் வண்டிகளில் முன்னே 50, 34 என இரண்டு பற்சக்கரங்கள் இருப்பது பெருவழக்கு. அதனினும் சிறிய 46, 30 என்னும் இணையும் உண்டு. பின்னே உள்ள கொத்தினைக் கடைக்காரர் 'கேசட்' என்பர். 11 முதல் 28 வரை, 11 முதல் 34 வரை எனப் பலவகை உண்டு. வீரரல்லாத நம் போன்றோர் முன்னே 34, பின்னே 34 என்பதிலிருந்து தொடங்குவது நன்று. உடல் எடை மிகுந்தவரும், மூட்டை கட்டிக்கொண்டு நெடும்பயணம் செல்வோரும் முன்னே 30 உள்ள இணையை நாடலாம்.

இதில் இழப்பே இல்லையா எனில், உண்டு. பதினோரு பற்சக்கரங்கள் கொண்ட கொத்தில், 11 முதல் 28 வரையுள்ளதில் தொடக்கப் படிகள் 11, 12, 13, 14, 15 என நெருக்கமாக அமையும். 34 வரை நீளும் கொத்திலோ 11, 13, 15 எனத் தாவும். சமவெளியில் நண்பர்களோடு விரைந்து செல்லும்போது, 12-உம் 14-உம் இல்லாத குறை தெரியும். ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் தோன்றும். எடையும் சிறிது கூடும். ஆனால் அக்குறை ஒரு சிறு எரிச்சல். மலையில் கியர் போதாத குறையோ மூட்டுக்கே கேடு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தகாது.

பெரிய பல் பூட்டும்போது ஓர் எச்சரிக்கை. சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் பின்கியர்மாற்றிக்கு ஓர் எல்லை உண்டு. முன்பற்களின் வேற்றுமையையும் பின்பற்களின் வேற்றுமையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 50-இல் 34 போக 16, 34-இல் 11 போக 23, கூட்டினால் 39. கியர்மாற்றியின் கை அத்தனை பல்லுக்குரிய சங்கிலித் தொய்வைத் தாங்குமா, 34 பல் சக்கரத்தின்மேல் உராயாமல் ஏறுமா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்தறிய வேண்டும். குட்டையான கை தாங்காது. நீண்ட கை வேண்டும். பழைய சங்கிலியின் நீளமும் போதாமற் போகலாம். பெரிய முன்பல்லிலும் பெரிய பின்பல்லிலும் ஒருசேரச் சங்கிலி ஏறும்போது அது விறைத்துக்கொண்டால், கியர்மாற்றியே முறிந்துவிடும்.

வாங்குமுன் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அருகிலுள்ள சிறு ஏற்றத்தில், தில்லியில் உள்ளோர் ஆரவல்லிக் குன்றுப் பக்கம் சென்று, நெடுநேரம் தாங்கக்கூடிய உழைப்போடு ஏறுங்கள். வலது முழங்கால் அரை நிமிடத்தில் எத்தனை முறை மேலெழுகிறதென எண்ணி இரட்டியுங்கள். சிறு ஏற்றத்திலேயே அறுபதைத் தொடவில்லை என்றால், இமயத்தில் என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணா மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் மீண்டும் முசூரிக்கு வந்தார். இம்முறை முன்னும் பின்னும் 34. கால்கள் சீராகச் சுழல, எங்களோடு பேசிக்கொண்டே ஏறினார். லாண்டூர்ச் சாலையின் மிகச் செங்குத்தான இடத்தில், யாரும் சொல்லாமலே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்களும் இறங்கி அவருடன் நடந்தோம். மேலே தேநீர் அருந்துகையில், 'முழங்கால் எப்படியிருக்கிறது, அண்ணா?' என்று கேட்டோம். 'நாளைக்கும் ஓட்டலாம்' என்றார்.