பொன்னும் ஒளியும் குருதியும்

தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் விடுமுறைக்குத் திருமலை செல்லும் நம்மவர், ஆனந்த நிலைய விமானத்தின் பொற்றகடு வெயிலில் மின்னுவதைக் கண்டிருப்போம். பொன்னின் நிறம் மஞ்சள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அப்பொன்னையே, ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கி அவற்றுள் முப்பது நாற்பது கூறே பருமன் உடைய துகள்களாக நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாணிக்கம்போல் சிவந்துவிடுகிறது. துகள்கள் ஒளியின் பச்சைக் கதிர்களை விழுங்கிவிடுவதே காரணம். இவ்விந்தையை மைக்கேல் பாரடே 1857-இல் ஆராய்ந்து உரைத்தார்.

மழைக்காலத்தில் சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, டெங்குவோ என்ற ஐயம் எழுகிறது. சோதனை அட்டையில் ஒரு துளிக் குருதி இடுகின்றனர். டெங்குக் கிருமி வெளிவிடும் என்.எஸ்.1 என்னும் புரதம் அதில் இருந்தால், எதிர்ப்பொருள் பூசிய பொன்துகள்கள் அதனைப் பற்றிக்கொண்டு ஓரிடத்தில் திரளும். சிவந்த கோடு தோன்றும். அரைமணிக்குள் விடை. வேலூருக்கோ திருப்பதிக்கோ சென்று ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

கோடு தோன்றாவிடில்? முன்னரே ஒருமுறை டெங்கு கண்டவரின் உடலில் உள்ள எதிர்ப்பொருள், அப்புரதத்தை மூடிவிடுவதுண்டு. அவர் 'நோயில்லை' என்று மகிழ்ந்து வீடு திரும்புவார். டெங்குவிலோ காய்ச்சல் தணியும் வேளையே அபாயமான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் குருதிக் கசிவு இவற்றுள் ஒன்று கண்டாலும், அட்டை என்ன சொல்லியிருப்பினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அட்டையோடு நில்லாமல், ஆய்வுக்கூடத்தில் செய்யும் எலைசா சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்பதே அரசின் வழிகாட்டுதலும்.

கண்ணுக்குத் தெரியாத சிறு அளவையும் எண்ணாகச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. மெல்லிய பொற்படலத்தின்மேல் எதிர்ப்பொருளை ஒட்டி, அடியிலிருந்து முப்பட்டகம் வழியே ஒளி பாய்ச்சுவர். புரதம் வந்து ஒட்டியதும், ஒளி மங்கித் திரும்பும் கோணம் சற்றே விலகும். சுவீடன் நாட்டறிஞர் இம்முறையை 1983-இல் வெளியிட்டனர். பயோசென்சர் என்பதை 'உயிருணரி' என்று எழுதுகிறோம். சொல் எளிதில் அமைந்துவிட்டது. கருவிக்குத்தான் தொல்லை. குருதியில் உள்ள எண்ணற்ற பிற புரதங்களும் பொன்னில் வந்து ஒட்டிக்கொண்டு பொய்க்கணக்குக் காட்டும். வெப்பம் சிறிது மாறினும் கோணம் மாறும்; சித்திரை வெயிலில் திருப்பதி எவ்வளவு காயும் என்பதை, மலைப்படி ஏறியவர் அறிவர்.