சுகத்தைத் துறந்த ஊழியம்: காவிரிப் படுகையில் திருச்சபை பெற்ற அழைப்பு



கிறிஸ்தவத் திருச்சபை யாருக்காக இருக்கிறது என்பதே, காசித் திருமடத்தின் தமிழ்ப்பணியாலும் செஞ்சடையப்பர் திருக்கோயிலின் சிறப்பாலும் நாடறிந்த திருப்பனந்தாளில் இன்று கூடியுள்ள இந்த அவையின் முன் உள்ள கேள்வி. கோபுரமும் மணியும் உடைய கட்டடத்தை மக்கள் சபை என்று அழைத்தாலும், கிறிஸ்துவின் வழியில் நடக்க உடன்பட்ட மாந்தரின் கூட்டத்தையே அதன் மறைநூல் திருச்சபை என்று கூறுகிறது. அக்கூட்டம் தன் மதிலுக்கு வெளியே உள்ளோரிடம் அனுப்பப்படுவதை அருட்பணி என்றும், அனுப்பப்பட்ட இடத்தில் கைம்மாறு கருதாது உழைப்பதை ஊழியம் என்றும் தமிழ்க் கிறிஸ்தவர் வழங்குவர். இவ்விரண்டையும் கைவிட்டு, தன் உறுப்பினரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம், ஆண்டு விழா ஆகியவற்றோடு நிறைவு கொள்ளும் சபை தான் பிறந்த நோக்கத்தையே இழக்கிறது என்பதை இந்தக் காவிரிப் படுகையின் 300 ஆண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தன்னலம் துறந்த தொண்டு இம்மண்ணுக்குப் புதிதன்று. நெல் வாங்கி வரும்படி மனைவியார் கழற்றித் தந்த தாலியைக் கொடுத்து இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கிய கலய நாயனார், அரசனின் யானைகளாலும் நிமிர்த்த இயலாத சிவலிங்கத் திருமேனியைத் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தியது இதே திருப்பனந்தாளில்தான் என்று பெரியபுராணம் போற்றுகிறது. வசதியினும் தொண்டு பெரிது என்று அறிந்த ஊர் இது. ஆகவே, பிற சமயத்தார் ஒருவரின் தொண்டையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கும் தகுதி இவ்வூருக்கு உண்டு.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய அருட்பணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது, அங்கே டேனிஷ் குடியிருப்பில் ஐரோப்பியருக்கென்று தேவாலயமும் குருமாரும் ஏற்கெனவே இருந்தனர். அவர்களுடைய பணி தம்மவரோடு நின்றிருந்தது. சீகன்பால்கோ திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஏழைக் கைம்பெண் ஒருவரின் வழக்கில் பரிந்து பேசியது டேனிஷ் ஆளுநரின் பகையை வளர்த்த காரணங்களுள் ஒன்றாக அமைய, 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சிறை புகுந்து நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. 1719-இல், தம் 36-ஆம் வயதில், அவர் தரங்கம்பாடியிலேயே உயிர்நீத்தார். தம்மை அனுப்பிய நாட்டின் அதிகாரத்துக்கு எதிராகவும் ஊர் மக்களின் பக்கம் நிற்பதே ஊழியத்தின் முதற்பாடம் என்பதை அவர் சிறைவாசம் உணர்த்துகிறது.

அந்தப் பாடத்தை நெல்வயல்களுக்குக் கொண்டு சென்றவர், மக்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798-இல் தஞ்சையில் மறையும் வரை அவர் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் கட்டிலும் ஆளும் மட்டுமே கொள்ளத்தக்க ஒரு சிறு அறையில், சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். 1779-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றபோது மைசூரை ஆண்ட ஹைதர் அலி வழிச்செலவுக்கென்று அளித்த 300 ரூபாயையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றுக்கு முதலாக ஒதுக்கினார்.

இந்த எளிமையின் பயன் பஞ்சகாலத்தில் வெளிப்பட்டது. ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை நாடு சீரழிந்து, கோட்டைக்குள் இருந்தோர் பசியால் மடிந்துகொண்டிருந்தபோது, நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் அதைக் கொண்டுவர மாடு தருவார் இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் விலை பெறாத உழவர்கள் அரசரின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்ப மறுத்தனர். ஒவ்வொருவருக்கும் உரிய தொகையைத் தம் கையாலேயே தருவதாகச் சுவார்ட்ஸ் வாக்களித்தபின் ஓரிரு நாட்களில் 1,000 எருதுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலம் என்பது 12 மரக்கால் கொண்ட அளவு என்பதை இவ்வவையின் முதியோர் அறிவர். சில ஆண்டுகள் கழித்து, அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடிகள் நிலத்தை விட்டு வெளியேறி, உழவுப் பருவமும் கடந்துகொண்டிருந்த வேளையில், அவர் வாக்கை நம்பி ஒரே நாளில் ஏறத்தாழ 7,000 பேர் ஊர் திரும்பினர். தாமதத்தை ஈடுசெய்ய அவர்கள் இரவும் பகலும் பாடுபட்டதால் அவ்வாண்டின் விளைச்சல் முந்தைய ஆண்டினதை விஞ்சியது.

அரசும் படையும் பெற முடியாத நம்பிக்கையை ஒரு குருவானவர் பெற்றதற்குக் காரணம் அவருடைய சொல்வன்மை அன்று. தமக்கென்று எதுவும் தேடாதவர் என்பதை மக்கள் பல்லாண்டு கண்ணாரக் கண்டிருந்தனர். அந்த நெல்லைப் பங்கிடும்போது உண்பவரின் சமயம் கேட்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. சோற்றைக் காட்டி மனிதரைச் சபைக்குள் இழுப்பது ஊழியத்தைக் கொச்சைப்படுத்தும் செயல். பசித்தவர் என்ற ஒரே தகுதியை நோக்கிச் செய்யப்படும் உதவியே ஊழியம் என்னும் பெயருக்கு உரியது.

எனினும், கட்டிலையும் உணவையும் துறப்பதைவிடப் பிறப்பால் வந்த மேன்மையைத் துறப்பது கடினமாயிற்று. சுவார்ட்ஸ் வருவதற்கு முன்பே, தஞ்சைப் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன், தமிழ்ப் புதிய ஏற்பாட்டால் ஈர்க்கப்பட்டு, உபதேசியாராக, அதாவது ஊர் ஊராகச் சென்று மறைகல்வி புகட்டுபவராக உழைத்தார். 1733-இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அருட்பொழிவு பெற்றார். பின்னர் ராஜநாயக்கனின் பெயரும் குருத்துவத்துக்கு எண்ணப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவரின் கையால் உயர்குலத்தார் திருவிருந்து பெற இசையார் என்ற அச்சத்தால் அது கைவிடப்பட்டது. சுவார்ட்ஸின் காலத்திலும் வழிபாட்டில் சாதிவாரியான இருக்கை நீடித்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் இவ்வேறுபாடு ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபைகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. திருச்சபை விரும்பி அணைத்துக்கொண்ட சுகங்களுள் மிகக் கொடியது இதுவே. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுந்த ஊர் இன்றும் தமிழகத்தில் இருக்கும்போது, அந்தச் சுகம் மறைந்துவிட்டதாக யாரும் கூற இயலாது.

ஊழியம் வெளிநாட்டார் செய்து, உள்நாட்டார் பெற்றுக்கொள்வது என்ற எண்ணத்தை மாற்றியவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற உழைத்த அவர், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பெற்றிருந்த மதிப்பான பொறுப்பை 1909-இல் விட்டுவிட்டு, தெலுங்கு நாட்டின் டோர்ணக்கல் பகுதிக்குச் சென்று, அம்மொழியைக் கற்று, நிலமற்ற ஏழைகளிடையே பணிபுரிந்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரும் ஆனார். ஏழைச் சபையும் கொடுக்கும் சபையாக வேண்டும் என்பது அவருடைய உறுதி. பணமில்லாத குடும்பங்கள் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியைக் காணிக்கையாக எடுத்துவைக்கும் வழக்கம் அதற்குத் துணையாயிற்று.

இப்படுகையின் அண்மைக்கால வரலாறு இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. 1968 டிசம்பர் 25 அன்று, உலகெங்கும் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடப்பட்ட நாளின் இரவில், கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அந்த மக்களிடையே சென்று தங்கியவர்கள் காந்தியத் தொண்டர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் ஆவர். 1981-இல் லாப்டி என்னும் அமைப்பை நிறுவி, நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தருவதற்கு அவர்கள் வாழ்நாளெல்லாம் உழைத்தனர். அயலான் யார் என்று கேட்கும் திருச்சபைக்கு அவ்விருவரின் வாழ்க்கை தக்க விடையாகும். தன் வேலியைத் தாண்டி நடப்பவருடன் கைகோத்துச் செல்வதும் அருட்பணியே.

2004-இன் ஆழிப்பேரலையின்போதும் 2018-இன் கஜா புயலின்போதும் எல்லாச் சமயத்தாரும் தம் வாயில்களைத் திறந்தனர். பேரிடரில் திறந்த வாயில் நீர் வடிந்தபின் மூடிக்கொள்ளாதிருப்பதே இன்றைய தேவை. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் முதியோர், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் கடனில் தவிக்கும் சிறு உழவர், நடவு வேலைக்கு வடநாட்டிலிருந்து வந்து மொழியறியாது திகைக்கும் தொழிலாளர், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த மாணவர் ஆகியோர் ஒவ்வொரு சபையின் கூப்பிடு தூரத்திலும் இருக்கின்றனர். தரைக்குப் பளிங்கு பதிப்பதற்கும் கோபுரத்தை உயர்த்துவதற்கும் முன்பாக இவர்களுக்குரிய பங்கு எடுத்துவைக்கப்பட வேண்டும்.

ஆகவே, கொள்ளிடக்கரை முதல் கடற்கரை வரையுள்ள சபைகள் தம் வரவு செலவுக் கணக்கைத் திறந்து, காணிக்கையில் எவ்வளவு மதிலுக்கு வெளியே சென்றது என்பதை ஆண்டுதோறும் மக்கள் முன் படிக்கட்டும். சாதிக்கென ஒதுக்கிய இருக்கையோ கல்லறையோ எங்கேனும் எஞ்சியிருந்தால் இவ்வாண்டே நீக்கட்டும். இளைஞரை ஏழைகளின் தெருக்களுக்கு அனுப்பி, அங்கே முதலில் கேட்கவும் பின்பு உழைக்கவும் பழக்கட்டும். பிற சமயத்துப் பெரியோரும் இப்பணியில் தோள்கொடுத்து, தவறும்போது இடித்துரைத்துத் திருத்த வேண்டும் என்பதே திருப்பனந்தாள் அவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.