கொழுத்த எழுத்தின் குணம்

மனிதரை முகம் பார்த்து எடைபோடுவது போலவே அச்செழுத்தையும் நாம் முகம் பார்த்தே எடைபோடுகிறோம். சொல்லின் பொருள் மனத்தில் படியுமுன்பே எழுத்தின் தோற்றம் நம்மிடம் ஏதோ சொல்லிவிடுகிறது. வழக்குமன்ற ஓலை போல் இறுகிய முகமுடைய எழுத்தும் உண்டு. தொந்தி குலுங்கச் சிரிக்கும் எழுத்தும் உண்டு. பின்னதற்குப் பெயர்பெற்ற ஆங்கில எழுத்தொன்று, 'கூப்பர் பிளாக்' என்பது.

இதனை வரைந்தவர் சிக்காகோ நகரில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்து வாழ்ந்த ஆஸ்வால்டு கூப்பர். 1922-ஆம் ஆண்டில் அந்நகரத்து எழுத்து வார்ப்பகம் ஒன்று இதனை வெளியிட்டது. மரபு பேணிய அச்சுக் கலைஞர்கள் முகம் சுளித்தனர். விளம்பரக்காரர்களோ விரும்பி வாங்கினர்.

ரோமன் எழுத்துகளின் காலடியில் மெல்லிய கூரிய பாதங்கள் இருக்கும் அல்லவா? கூப்பர் அவற்றைப் புளித்துப் பொங்கிய மாவைப்போல் உப்ப வைத்தார். எங்கும் கூர்முனை இல்லை. 'ஓ' என்னும் எழுத்தின் உள்வெளிகூட நேராக நில்லாது, சாய்வு நாற்காலியில் அமர்ந்தாற்போல் பின்னே சாய்ந்திருக்கிறது. அதட்டத் தெரியாத எழுத்து! அதனால்தான் 1966-இல் பீச் பாய்ஸ் குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையிலும், பின்னாளில் ஈஸிஜெட் விமானங்களின் உடலிலும் அது இடம்பெற்றது. ஈய அச்சு போய் ஒளியச்சு வந்தபோது, எழுத்துகளை ஒன்றோடொன்று உரச நெருக்கிக் கோக்க முடிந்தது. அதன் செல்வாக்கு மறுபடியும் ஓங்கியது.

ஆயினும் அதன் கொழுப்பே அதற்குப் பகை. உடல் பருக்கப் பருக்க எழுத்தின் உள்ளேயுள்ள வெண்மை சுருங்குகிறது. பெரிதாக அச்சிட்ட நாலைந்து சொற்களில் அது குறையாகத் தெரிவதில்லை. சிறிதாக்கிப் பத்தி பத்தியாக அச்சிட்டாலோ, தாளில் மை கொட்டியது போலிருக்கும்.

நம் தமிழெழுத்துக்கு இவ்விடர் இன்னும் மிகுதி. தமிழ் இயல்பாகவே வளைந்தது; சுழிகள் நிறைந்தது. முச்சுழி ணகரத்தைக் கொழுக்க வைத்தால் அது இருசுழி னகரத்தோடு மயங்குகிறது, புள்ளியும் அடைந்துபோகிறது.

வடக்கே ஒரு நகரில் தமிழன்பர்கள் நடத்திய விழாவின் அழைப்பிதழ், தலைப்பு முதல் நன்றியுரை வரை, இத்தகைய உருண்டை எழுத்திலேயே அச்சாகியிருந்தது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் மட்டும் தமிழும் பயிலும் சிறுமி ஒருத்தி அதனை என் கையிலிருந்து வாங்கினாள். தலைப்பை உரக்கப் படித்துக் களித்தாள். கீழே இறங்கியதும் எத்தனை சுழி என்று எண்ணிப் பார்த்தாள், எண்ண முடியவில்லை. "எனக்குத் தமிழ் சரியா வராது, மாமா" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். பிழை அவளுடையது அன்று. அக்குழந்தை அதனைத் தன் பிழையென்றே எண்ணிக்கொண்டாள். அதுதான் என்னை வருத்தியது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அழைப்பிதழும் பெயர்ப்பலகையுமே பல வேளைகளில் பாடநூல். ஆதலால் விழாவின் பெயரை உருண்டை எழுத்தில் தாராளமாகப் போடுங்கள்; விழா களைகட்டும். நாளும் நேரமும் இடமும் மெலிந்த தெளிவான எழுத்தில் இருக்கட்டும். அச்சகத்தார் மாதிரித்தாள் தரும்போது, ஒப்பமிடுமுன், ஒரு ணகரத்தைத் தேடி அதன் மூன்று சுழிகளும் தெரிகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.