நிரல்மொழியும் தீநிரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறித் துறையில் பணிபுரிவோர் நம் சங்கத்தில் பலர் உளர். அத்துறையோடு தொடர்பில்லாதோரும் பலர். இருசாராரும் ஒருங்கே எண்ணுதற்குரிய பொருள் ஒன்றனை இன்று எடுத்துக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்குண்டு முடங்கின. நோயாளர் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் கையால் எழுதியே நடைபெற்றன. இவ்வாறு கேடு சூழ்வதற்கென்றே எழுதப்படும் நிரல்களைத் தீநிரல்கள் என்போம். அவை எழுதப்படும் மொழி, அவற்றைக் கண்டறியும் பணியை எங்ஙனம் எளிதாக்குகின்றது, எங்ஙனம் அரிதாக்குகின்றது என்பதே என் பொருள்.

நிரலை எழுதுவோன் மனிதர்க்கு விளங்கும் மொழியில் எழுதுகின்றான். கம்பைலர் என்னும் கருவி அதனைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றுகின்றது. மாற்றும்போது எழுதியோன் இட்ட பெயர்களும் குறிப்புகளும் பெரும்பாலும் மறைந்தொழிகின்றன. எஞ்சிய கட்டளைகளிலிருந்து பின்னோக்கிச் சென்று எழுதியோன் கருத்தை அறிவதே மீள்பொறியியல். இடிந்த கோயிலின் கற்களைக் கொண்டு அதன் அமைப்பை அறிவது போன்றது அது.

எல்லா மொழிகளும் ஒரே அளவில் தடயம் விடுவதில்லை. சி ஷார்ப் மொழியில் எழுதிய நிரல் இடைநிலைக் கட்டளையாகவே நிற்பதால், மறைப்புவேலை செய்யப்படாவிடின் மூலத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். சி மொழி அத்துணை எளிதன்று. எனினும் ஐம்பது ஆண்டுகளாகப் பழகிய மொழியாதலின் ஐடா, கீத்ரா முதலிய ஆய்வுக் கருவிகள் அதன் போக்கை நன்கறியும்.

கோ, ரஸ்ட் என்னும் புதுமொழிகளின் இயல்பு வேறு. வேண்டிய நூலகங்களைத் தம்முள்ளேயே அடக்கிக்கொள்வதால் இவற்றில் சிறு நிரலும் பருத்துவிடுகின்றது. பல்லாயிரம் கூறுகளுள் தீயோன் கைப்பட எழுதியவை எவை எனத் தெரிவதே பெரும்பாடு. சி மொழியில் ஒவ்வொரு சொற்றொடரின் இறுதியிலும் ஒரு சுழி நிற்கும். இம்மொழிகளில் நீளம் தனியே குறிக்கப்படும். ஆதலால் பழைய கருவிகளுக்குப் பல தொடர்கள் ஒன்றாய் ஒட்டித் தோன்றும். ஆயினும் கோ மொழி தன் செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியலை உள்ளேயே சுமந்து வருவதால், அதனைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்க்கு அதுவே கைவிளக்காகின்றது.

2011ஆம் ஆண்டு புடாபெஸ்டு நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று டூக்கூ என்னும் தீநிரலைக் கண்டுபிடித்தது. அதன் ஒரு பகுதி எம்மொழியில் எழுதப்பட்டதென அறிய இயலாத காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார், 2012 மார்ச்சுத் திங்களில் உலகத்து நிரலாளர்களிடம் வெளிப்படையாக உதவி வேண்டினர். அத்திங்களிலேயே விடை கிடைத்தது. அது பழைய சி மொழியே. தனிப்பட்டதொரு நடையில் எழுதி, மைக்ரோசாப்டின் 2008ஆம் ஆண்டுக் கம்பைலரால் மாற்றப்பட்டது! 'தெரியவில்லை' என்று துணிந்து கூறியதாலன்றோ அவர்க்கு விடை விரைந்து வந்தது?

தீயோரும் இவ்வேறுபாட்டை அறிவர். பிளாக்கேட் என்னும் பணயத் தீநிரல் 2021இல் ரஸ்ட் மொழியிலேயே தோன்றியது. கோ மொழியில் இருந்த ஹைவ், 2022இல் ரஸ்ட் மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது. மொழி மாறினால் கட்டளைகளின் வடிவம் மாறும். பழைய வடிவத்தை அடையாளமாகக் கொண்ட காவல் மென்பொருள் ஏமாறும்.

இதன் மறுபுறமும் உண்டு. கோ மொழியில் நேர்மையாக எழுதிய நிரல்களையும் சில காவல் மென்பொருள்கள் தீநிரலெனத் தடுக்கின்றன. அம்மொழியினரே தம் வினாவிடைப் பக்கத்தில் இதற்கு விளக்கம் எழுத நேர்ந்தது. வேற்றுமொழி பேசுவோனை ஐயுறுதல் எளிது என்பதை, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் அறியோமா?

ஆகவே மொழியைக் கொண்டு குற்றம் சாட்டுதல் தகாது. செயலைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். எம்மொழியில் எழுதினும், ஒருவன் கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணயம் கேட்பானாயின் அச்செயல் ஒன்றே. அச்செயலைக் கண்காணிக்கும் முறையே நிலைத்து நிற்பது. நிரல் எழுதப் பயிலும் நம் இளைஞர், பிறர் நிரலைப் பொறிக்கட்டளை நிலையில் படிக்கவும் பயில வேண்டுகின்றேன். ஏனையோர் தம் கோப்புகளின் படியொன்றை இணையத்தொடர்பின்றித் தனியே காத்துவைப்பாராக.