பல் வலியும் பங்கு மக்களும்

(பொன்விழாவை முன்னிட்டுக் கோவில் மண்டபத்தில் நடைபெற்ற பல் பரிசோதனை முகாமின் தொடக்கத்தில் பங்குக்குரு ஆற்றிய உரை)



விழா நிரலில் இந்த முகாமைப் பற்றி அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் சிலர் நம்மிடம் வந்து குறைபட்டுக் கொண்டார்கள். "சாமி, பல்லைப் பார்ப்பார்களாம், பிடுங்க மாட்டார்களாமே! பிறகு எதற்கு முகாம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கலியாணத்துக்கு அழைத்து இலையை மட்டும் காட்டி அனுப்புவது போலிருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைச் சிறிது நேரம் பிடித்துக் கொள்கிறோம். மருத்துவர்கள் பொறுத்தருள வேண்டும்.

2022, 2023-ஆம் ஆண்டுகளில் நம் தமிழ்நாட்டில், திருப்பத்தூர் மாவட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் ஒரு கொடிய தொற்று கண்டது. மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையினரும் துருவி ஆராய்ந்தபோது, அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்து போனார்கள். பல் வலி என்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

கிருமி எங்கிருந்து வந்தது? வாயைக் கழுவப் பயன்படுத்திய உப்பு நீர்ப் புட்டியிலிருந்து. சுத்தம் செய்யப்படாத ஒரு கருவியால் புட்டியைத் திறந்திருக்கிறார்கள். மீதியை வீணாக்காமல் பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த ஆய்வு 2025-இல் வெளிவந்தபோதுதான் விவரம் நாடெங்கும் தெரிந்தது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. பாதிப் புட்டியைக் கொட்ட மனமில்லாத சிக்கனம், அவ்வளவே. நம் வீட்டு அடுக்களையிலும் அந்தச் சிக்கனம் உண்டு. அங்கே அது புண்ணியம், இங்கே அது எட்டு உயிர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகரில் 2013-ஆம் ஆண்டு ஒரு பல் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற சுமார் 7,000 பேருக்கு, இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள் என்று அரசாங்கம் கடிதம் எழுத வேண்டி வந்தது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது அங்கே உறுதி செய்யப்பட்டது.

வாய் என்பது இரத்தமும் உமிழ்நீரும் கலக்கும் இடம். ஒருவர் வாயில் போன கருவி அடுத்தவர் வாயில் போகுமுன் அதில் உள்ள கிருமிகள் அடியோடு சாக வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சில கிருமிகள் விதை போல ஓடு கட்டிக்கொண்டு கொதிநீரிலும் பிழைத்துக் கிடக்கும். அவற்றைக் கொல்ல ஆட்டோகிளேவ் வேண்டும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். 121 டிகிரி சூட்டில், 15 பவுண்டு அழுத்தத்தில், உறையில் பொதிந்த கருவிகளை அரை மணி நேரம் நீராவியில் வைக்க வேண்டும். வெந்து முடிந்தால் உறை மேலுள்ள அடையாளக் கோடு நிறம் மாறும். அதைப் பார்க்கப் படிப்புத் தேவையில்லை, கண் போதும்.

இப்போது நம் மண்டபத்தைப் பாருங்கள். மின்விசிறி சுற்றுகிறது, ஜன்னல் வழியே தேரடித் தூசி வருகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். இங்கே உட்கார வைத்துப் பல்லைப் பிடுங்கி, இரத்தம் நிற்காமற் போனால் என்ன செய்வது? இரத்த அழுத்தம் இருப்பதைச் சொல்ல மறந்தவர் மயங்கி விழுந்தால்? எனவே பரிசோதனை மட்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். முதலில் நமக்கும் ஏமாற்றந்தான். அவர்கள் வாய்க் கண்ணாடியும் ஊசிமுனைக் கருவியும் அடங்கிய 150 உறைகளைச் சுத்தம் செய்து எடுத்து வந்திருக்கிறார்கள். 150 பேரைப் பார்த்ததும், வரிசை வாசல் வரை நின்றாலும் முகாம் முடிந்துவிடும். மிச்சமுள்ளவர்கள் கோபித்துக் கொள்ளாமல் பெயர் கொடுத்துச் செல்லுங்கள்.

ஆனால் பத்திரம் பத்திரம் என்று சொல்லியே ஏழையைத் தெருவில் நிறுத்துவதும் கொலைக்குச் சமம். இதை நாம் எங்கோ படித்துச் சொல்லவில்லை. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. டவுனுக்குப் போய் வைத்தியம் பார்க்கச் சம்பளத்தில் முன்பணம் கேட்டார். திருவிழா நெருங்கிக் கொண்டிருந்தது, பந்தலுக்கும் வாணத்துக்கும் பணம் கொடுத்துக் கொண்டிருந்தோம். "திருவிழா முடியட்டும், உபதேசியாரே" என்றோம். அவரும் பல்லைக் கடித்துக் கொண்டார் என்று சொல்ல வேண்டும், கடிக்கத்தான் முடியவில்லை. பெட்டிக்கடை மாத்திரையை விழுங்கிக் கொண்டு ஒன்பது நாளும் நவநாள் ஜெபம் சொன்னார். கொடியிறக்கிய மறுநாள் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கி, நாக்கு மேலே தூக்கி, மூச்சு விட முடியாமல் கிடந்தார். ஜீப்பில் போட்டுக் கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். மூன்று வாரச் செலவில் அவர் வீட்டுக் கறவைப் பசு போயிற்று. அவர் அதைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வருடத்து வாணவேடிக்கையை ஊரே புகழ்ந்தது.

2007-இல் அமெரிக்காவில் மேரிலாண்டு மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பல்லில் கட்டிய சீழ் மூளைக்கு ஏறிவிட்டது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் போதும் என்று பத்திரிகைகள் எழுதின. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மூளையில் அறுவை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. செலவு இரண்டரை லட்சம் டாலர் வரை ஆயிற்று. அந்த மரணத்துக்குப் பின்பே, 2009-இல், ஏழைக் குழந்தைகளுக்கான அரசுக் காப்பீட்டில் பல் வைத்தியமும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது.

உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. நம் நாட்டில் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படித்து வெளிவருவோரில் பெரும்பாலோர் நகரத்தில்தான் தங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாற்காலிக்கும் இயந்திரத்துக்கும் வாங்கிய கடனை அடைக்க வேண்டாமா? அரசு வகையில் 1953-இல் சென்னையில் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. இன்று சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உண்டு. அங்கெல்லாம் செலவு மிகக் குறைவு. ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் பெரிய செலவல்லவா? இலவச வைத்தியத்துக்கும் விலை உண்டு என்பதை நாம் உபதேசியாரிடம் கற்றோம்.

ஆகையால் ஏற்பாடு இது. இன்று யாருக்குப் பல் பிடுங்க வேண்டும், அடைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் குறிக்கிறார்களோ, அவர்களை வருகிற செவ்வாய் தொடங்கி நான்கு செவ்வாய்க் கிழமைகள் பல் மருத்துவக் கல்லூரிக்கு வேனில் அழைத்துப் போகிறோம். வேன் செலவை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றுக் கொண்டார்கள். அன்றைய கூலியை இழப்பவர்களுக்கு அரைக் கூலியாவது கொடுக்கப் பொன்விழா வாணவேடிக்கைத் தொகையை ஒதுக்கியிருக்கிறோம். இளைஞர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு என்று தெரியும். நேரில் வாருங்கள், பேசுவோம்.

இன்று உட்காரும்போது சிலவற்றை மறைக்காதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய வால்வு ஆபரேஷன், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, பென்சிலின் ஒத்துக் கொள்ளாமை, கர்ப்பம் இவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டிமார் கன்னத்தைத் தயங்காமல் திறந்து காட்ட வேண்டும். ஆறாத புண்ணும் வெள்ளைப் படையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாளை எந்த மருத்துவரிடம் போனாலும், "ஐயா, உறையை என் கண் முன்னே பிரிக்கிறீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். புதுக் கையுறையா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். நம் விருந்தினரிடம் இப்போதே கேட்டோம், சிரித்துக் கொண்டே தலையசைக்கிறார்.

கி.பி. 249-இல் அலெக்சாந்திரியா நகரில் கலகக்காரர்கள் ஒரு மூதாட்டியைத் தாடையில் அடித்துப் பற்களையெல்லாம் உதிர்த்தார்கள். அவரே புனித அப்பொலோனியா, பல் நோயாளிகளுக்குப் பாதுகாவலி. படங்களில் அவர் கையில் குறடும் அதில் ஒரு பல்லும் இருக்கும். அவர் திருநாள் பெப்ரவரி 9. அன்று காலை, செவ்வாய்க் கிழமைகளில் போய் வந்தவர்களின் பட்டியலைக் கோவில் பலகையில் ஒட்டுவோம். பெயர் குறித்தும் போகாதவர்களின் வீட்டுக்கு மரியாயின் சேனையார் வருவார்கள்.

முதல் வேன் செவ்வாய் காலை ஆறரை மணிக்குக் கெபியடியிலிருந்து புறப்படும். டாக்டர் வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்கிறார், கஞ்சியாவது குடித்துவிட்டு வாருங்கள். பாட்டிமார் முதலில் போகட்டும். பிள்ளைகள் வலது பக்க வரிசையில் நிற்கவும்.